தேதி போட வேண்டிய இடம்

அறுபது தாள்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவந்த டெல்ஃபீன், அறுபத்தோராவது தாளில் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

வீட்டுத் தரகர் பிரென்ட்டுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தாளிலும் பத்திர அலுவலகக் குமாஸ்தா வாண்டா முந்தின நாளே மஞ்சள் அம்பு ஒட்டி வைத்திருக்கிறாள். அம்பு காட்டும் இடத்தில் கிறுக்கிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதானே டொலிடோ ஊரில் வழக்கம்? உட்கார்ந்து படிக்க இது என்ன நூலகமா?

"என்னம்மா, கை வலிக்குதா?"

"இது என்ன தாள்?"

"சும்மா சம்பிரதாயம். வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்திருக்கீங்க. வாசல்ல சாமான் லாரி நிக்குது. பிள்ளைங்க பாவம், அதுல உட்கார்ந்து வேர்த்துட்டிருக்கும்."

அடுத்தவர் பிள்ளைகள் மேல் பிரென்ட்டுக்கு அவ்வளவு கரிசனம்.

டெல்ஃபீன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் உழைத்து வாங்கும் முதல் வீடு. தாளைக் கிட்டத்தில் பிடித்து வாசித்தாள்.

"'இந்தத் தனியார் பத்திர அலுவலகத்தில் பாதிப் பங்கு உங்கள் தரகருடையது. நீங்கள் விரும்பினால் வேறு அலுவலகத்துக்குப் போகலாம்.' ஊர்லயே இந்த ஆபீஸ் ஒண்ணுதான் உருப்படின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உருப்படியா இருந்ததாலதானே நானே பங்கு வாங்கினேன்!"

சிரித்தவன் அவன் மட்டும்தான். வாண்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல் ஏழாம் தேதியே இந்தத் தாள் என் கைக்கு வந்துடுச்சுன்னு டைப் பண்ணியிருக்கே? அன்னிக்கு நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. இப்பதானே கண்ணால பார்க்கிறேன்!"

"உங்களை இந்த ஆபீஸுக்கு அனுப்பும்போதே குடுத்திருக்கணும்னு மத்திய அரசு சட்டம். சட்டத்தை மதிக்க வேணாமா?"

"அதுக்காகப் பொய்த் தேதியா?"

பிரென்ட்டின் குரலில் இருந்த தேன் வற்றியது. "இஷ்டமில்லேன்னா எழுந்திருங்க. இந்த வீட்டுக்கு இன்னும் ரெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்க."

டெல்ஃபீன் வாசலில் நின்ற லாரியை ஒரு தரம் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

பிரென்ட் நிம்மதியாகச் சாய்ந்தான்.

டெல்ஃபீன் ஏப்ரல் ஏழை ஒரே கோடாக அடித்துவிட்டு, அன்றைய தேதியைப் பெரிதாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"சம்பிரதாயம்தானே? எனக்கு ஒரு ஜெராக்ஸ் காப்பி எடுத்துக் குடுங்க."

பிரென்ட் வாயைத் திறப்பதற்குள் வாண்டா எழுந்து ஜெராக்ஸ் மெஷினிடம் போய்விட்டாள். "ஒண்ணு போதுமாம்மா? புகார் குடுக்கிற இடத்துக்கும் ஒண்ணு வேணுமே?"

மீதித் தாள்களும் முடிந்தன. சாவி கைமாறியது. லாரி கிளம்பிப் போனது.

பிரென்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "அறுபது தாள்ல ஒரு எழுத்துகூடப் படிக்கல. இதை மட்டும் அவ எப்படிப் பிடிச்சா, வாண்டா? இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல."

வாண்டா தாள்களிலிருந்து அம்புகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தோராவது தாளில் மட்டும் கையெழுத்துப் போடும் இடத்தில் அம்பு இல்லை. அது ஏப்ரல் ஏழுக்கு நேராக ஒட்டப்பட்டிருந்தது.