சுருதி சேர்ந்த சுடுமண் பெண்

இன்ஸ்பெக்டர் அஞ்சுந்தியாவின் மேசைமேல் ஒரு சாண் உயரத்தில் சுடுமண் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் இறகுத் தொப்பி. முதுகில் ஊதுவதற்கு வாய், தோள்களில் நான்கு துளைகள்.

எதிரே குயவன் ஹசிந்தோ. துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் அவளை விற்கும்போது பிடிபட்டவன்.

"ரெண்டாயிரம் வருஷத்துப் பொம்மை. கப்பலேத்தப் பார்த்திருக்க. அஞ்சு வருஷம் உள்ள இருக்கணும் தெரியுமில்ல?"

"ஐயா, இது போலிங்க. நானே செஞ்சது. மாட்டுக் கொட்டில்ல ஆறு மாசம் புதைச்சு வச்சேன். அந்த வயசுதான் இதுக்கு."

"அவன்கிட்ட நிஜம்னு சத்தியம் பண்ணுன. என்கிட்ட போலின்னு சத்தியம் பண்ற. எந்தச் சத்தியத்தய்யா நான் எழுதிக்கிறது?"

நாட்டின் தொன்மையைக் காக்கவே பிறந்தவர் அஞ்சுந்தியா. வேறு யாரும் சொல்லாததால் அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். ஓய்வுபெற இரண்டே மாதம். பொம்மை போலி என்றால் வெறும் அபராதம். நிஜம் என்றால் சிறை. அது நிஜமாகவே இருக்க வேண்டும் என்று அவர் முகம் கெஞ்சியது.

"குடுங்க, காட்டுறேன்" என்று ஹசிந்தோ பொம்மையை வாங்கி ஊதினான். காதலி கைவிட்டுப் போனதைச் சொல்லும் பசில்லோ, அந்த நாட்டுச் சோகப் பாட்டு, ஒரு சுரம் பிசகாமல் வந்தது. வாசலில் நின்ற காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மண்ணுக்குள்ளருந்து எடுக்கிற பழசு எதுவும் நம்ம பாட்டுக்குச் சேராதுங்க. அது அந்தக் காலத்து ஆளுங்க சுருதி. நான் கல்யாண பேண்டுல ஊதுறவன். அபஸ்வரமா ஒண்ணு செய்ய மனசு வரல."

அஞ்சுந்தியா எழுதுவதற்கு எடுத்த பேனாவை மூடி வைத்தார். "இப்படி எத்தனை செஞ்ச?"

"இதோட பன்னெண்டு. மத்த பதினொண்ணும் வாங்குனவங்ககிட்டருந்து நீங்க பறிமுதல் பண்ணுனதுதான். தலைநகர் மியூசியத்துக்கு அனுப்பியிருப்பீங்களே, அங்க ஊதிப் பார்க்கச் சொல்லுங்க."

"மியூசியம் எல்லாம் எதுக்கு? கேஸே இல்ல. போ."

அபராதம்கூட இல்லாமல் வெளியே வந்த ஹசிந்தோ, இப்படியும் ஒரு நல்ல மனுஷனா என்று வியந்து, வறுத்த வாழைக்காய் வாங்கித் தின்றபடி ஊர் போய்ச் சேர்ந்தான்.

அன்று மாலை, ஓய்வுக் காலத்துக்கென்று ஸ்டேஷன் கிடங்கிலிருந்து ஒவ்வொன்றாகத் திருடிக் கட்டிலுக்கடியில் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த பதினொரு பொம்மைகளையும் எடுத்து ஊதிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். பதினொன்றும் அதே பாட்டைப் பிசிறில்லாமல் பாடின.