ஃபிலிம் இல்லாத கேமரா

அன்று திண்டிவனத்தில் அரிசி மில்காரர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வளைகாப்புப் பெண் ஒருத்தி, அவளுக்கு வளையல் அடுக்க வந்த பெண்கள் இருபத்தேழு பேர், விழுப்புரத்திலிருந்து போட்டோ பிடிக்க வந்த ஸ்டூடியோ காந்திமதி, அவளிடம் தொழில் பழகும் தையல்நாயகி. ஆண்பிள்ளை ஒருவர்தான்: வாசற்படியிலேயே நின்ற தையல்நாயகியின் அப்பா, செஞ்சிப் பக்கத்து வல்லத்துக் கண்ணையன். குழந்தைகளை எண்ண முடியவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

கண்ணையன் ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"பிளஸ் டூ முடிச்ச பொண்ணுக்கு ஒரு வருஷம் தர்றேன். தொழில் கைக்கு வந்துச்சா, இரு. வரலையா, வூட்டுக்கு வந்துடு. அத்தை மவனுக்குக் கட்டி வெச்சிடறேன்" என்று எண்பத்தைந்து ஆவணியில் மகளிடம் சொல்லியிருந்தார். இது எண்பத்தாறு ஆவணி.

கூடத்தின் நடுவில் மகள் கேமராவும் கையுமாக நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"ஏம்மா காந்திமதி, இந்தச் சின்னப் பொண்ணா புடிக்கப் போவுது?" என்று மில்காரர் மனைவி கிருஷ்ணவேணி கேட்டாள். "எங்க வூட்ல மொதப் பேரப்புள்ள. நீ புடிக்கிறதா இருந்தா புடி."

"நான்தாங்க்கா புடிக்கிறேன். அது பழகற பொண்ணு. அது கேமராவுல ஃபிலிமே இல்ல. சும்மா பளிச் பளிச்சுன்னு லைட்டு மட்டும் எரியும்."

கூடமே சிரித்தது.

"காலிப் பொட்டியா? அதுக்கா நான் இவ்ளோ நேரம் மூச்ச அடக்கிக்கினு நின்னேன்?" என்றாள் ஒரு தடித்த அம்மாள்.

கண்ணையனுக்கு முகம் சுண்டிவிட்டது. மகளைச் சாடை காட்டி வெளியே கூப்பிட்டார்.

"ஒரு வருஷமா காலிப் பொட்டியத்தான் அமுக்கிக்கினு இருக்கியா?"

"ஃபிலிம் விக்கிற வெலைக்கு, பழகறவங்க கையில குடுப்பாங்களாப்பா? தூரம் பார்க்கணும், வெளிச்சம் பார்க்கணும், ஆளு அசையாத நேரமா பார்த்து அமுக்கணும். எல்லாம் கத்துக்கினேன்."

"ஒரு போட்டோனாச்சும் புடிச்சிருக்கியா?"

"இன்னும் இல்லப்பா."

"ஏரோட்டத் தெரியும், மாடு மட்டும் இல்லங்கிற. அந்தம்மாவுக்கு லைட்டு தூக்க ஓசியில ஒரு ஆளு. அதான் நீ. மூணு மணி செஞ்சி பஸ்ஸுக்குக் கெளம்பற. துணிமணி அப்புறம் வரட்டும்."

"இந்த வளைகாப்பு முடியட்டும்பா. அதுவரைக்கும் வுடு."

உள்ளே போனவள், கடைசி நாள் என்று நினைத்தாளோ என்னவோ, சுழன்று சுழன்று பிடித்தாள். நாற்காலி மேல் ஏறினாள், தரையில் மண்டியிட்டாள். காந்திமதி எதிரே வந்தால் பெண்கள் தூணாக விறைத்தார்கள். தையல்நாயகி வந்தால் யாரும் சட்டை செய்யவில்லை. காலிப் பெட்டிதானே? தம் பாட்டுக்குச் சிரித்தார்கள், கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், ஒருத்தி காதில் ஒருத்தி குசுகுசுத்தார்கள்.

"லீவரு இன்னிக்கு என்னமோ கெட்டியா இருக்குதுக்கா" என்றாள், கேமராவைத் திருப்பிப் பார்த்து.

"எண்ணெ போடணும். கண்ண அங்க வைடி. பொண்ணோட அம்மா வளையல் போடறாங்க பாரு, ஜல்தி."

ஆரத்தி எடுத்தார்கள். தையல்நாயகி ஒன்று அமுக்கினாள். அடுத்ததற்கு லீவரை இழுத்தாள். நகரவில்லை.

"அக்கா, மாட்டிக்கிச்சு. ஒடைச்சிட்டேன் போலிருக்குது."

என்ன ஆயிற்று என்று பார்க்க, கேமராவின் பின்மூடியைத் திறக்கப் போனாள்.

"தொறக்காத!"

காந்திமதி பாய்ந்து வந்து அவள் கையையும் கேமராவையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. இருவரும் அப்படியே வாசலுக்கு வந்தார்கள்.

"காலி கேமரா எங்கயாவது மாட்டுமாடி? முப்பத்தாறு படமும் முடிஞ்சா ஃபிலிம் நின்னுடும். தொறந்திருந்தா வெளிச்சம் பட்டு அத்தனையும் போயிருக்கும்."

"இதுல ஃபிலிம் இருக்குதா?"

"காலையில நான்தான் போட்டேன். சொல்லியிருந்தா உனக்குக் கை நடுங்கியிருக்கும்."

தையல்நாயகி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, "முப்பத்தாறுப்பா. முப்பத்தாறும் நான் புடிச்சதுப்பா" என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கண்ணையன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காந்திமதியிடம் திரும்பினார்.

"தப்பா நெனச்சிட்டேம்மா. அவ இங்கியே இருக்கட்டும். நான் மட்டும் பஸ்ஸு ஏறிக்கிறேன்."

இரண்டு படி இறங்கியவருக்கு ஒரு பயம் வந்தது. திரும்பி வந்தார்.

"புதுக் கை. அவ புடிச்சது சரியா வுழலேன்னா?"

"வுழும்ண்ணா. பக்கத்துலயே நின்னு பார்த்துக்கினுதானே இருந்தேன்."

"வுழலேன்னாலும் ஒண்ணும் பேஜாரு இல்ல. அதான் நீயும் காலையிலேர்ந்து புடிச்சிருக்கியே."

காந்திமதி ஒருமுறை கூடத்தை எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணவேணி பந்தியில் இருந்தாள். தோள்பையிலிருந்து ஃபிலிம் டப்பா ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என் கேமராவுக்குன்னு வாங்கினதுண்ணா இது. காலையிலேர்ந்து நான்தான் வெறும் லைட்டு எரிச்சிக்கினு இருந்தேன்."

டப்பா பிரிக்கப்படவே இல்லை. மேலே அச்சடித்திருந்த எண்ணைக் கண்ணையன் மெல்லப் படித்தார்.

மீதி, முப்பத்தாறு.