கொக்கி மட்டும் பாக்கி

பக்கத்து வீட்டுக் கலியம்மாளின் போனில் சேதியைக் கேட்டுவிட்டு வந்த சிந்தாமணி, நேராகப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

எறையூரில் அவளுடைய அண்ணன் மணிவேல் செத்துப்போயிருந்தான். விடிகிற நேரத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. பெரம்பலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

விக்கிரமங்கலத்தில் பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தால், அரியலூரிலும் பெரம்பலூரிலும் மாறிப் போய் முகத்தைப் பார்த்துவிடலாம். அதை விட்டால் அடுத்த பஸ் ஒன்றரைக்குத்தான்.

இப்போது மணி பத்தேகால்.

மிஷின்மேல் அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் கிடந்தது. மேலத்தெரு வீரம்மாளின் மகள் சசிகலாவுக்கு நாளைக் காலையில் மீன்சுருட்டியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூறைப்புடவையையும் அதற்கான ஜாக்கெட் துணியையும் முந்தாநாள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று சாயங்காலம் பெண்ணை அழைத்துப் போகிறார்கள்.

இன்னும் ஒரு கை ஏற்ற வேண்டும். கொக்கி வைக்க வேண்டும்.

கலியம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள். "எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்புடி."

"இதை யாரு முடிச்சுக் குடுப்பாங்கக்கா? நீங்க யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

கலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

சாவுச் சேதி வந்த வீட்டில் தைத்த துணியைக் கல்யாணப் பெண்ணுக்குப் போடமாட்டார்கள். தெரிந்தால் வீரம்மாள் அதைத் தொடக்கூட மாட்டாள். வேறு துணி எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துத் தைக்க நேரமும் கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மகளிர் குழுவிலிருந்து சிந்தாமணியை அரியலூருக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தையல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டிலிருந்தபடி தொழில் நடத்துவது எப்படி என்றுதான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அளவை எழுதி வைக்க வேண்டும். சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை வருகிறவர்களிடம் முகத்தில் காட்டக்கூடாது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

இன்றுவரை ஒரு தேதிகூடத் தவறியதில்லை.

கையை ஏற்றித் தைக்கும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. பட்டில் சொட்டு விழுந்தால் கறை நிற்கும். முழங்கையால் துடைத்துக்கொண்டு மிதித்தாள்.

போன மாசம் வந்திருந்தபோது மணிவேல் ஒரு சட்டையைக் கொடுத்தான். பை கிழிந்திருந்தது. 'பத்து நிமிஷ வேலைதானே, இப்பவே தச்சுக் குடேன்' என்றான். 'வெளி ஆளுங்க துணி நெறைய கெடக்குண்ணே, அடுத்த தடவை வாங்கிக்க' என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தச் சட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

பதினொன்று அடித்துச் சற்று நேரத்தில் வீரம்மாள் வந்தாள்.

சிந்தாமணி சிரித்தாள். "வாங்க அத்தை. உக்காருங்க. கொக்கி மட்டும்தான் பாக்கி."

வீரம்மாள் உட்காரவில்லை. எப்போதும் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது ஒரு குறை சொல்கிறவள், இன்று துணியைப் பார்க்கவே இல்லை. சிந்தாமணியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"கொடு. கொக்கியை நான் வச்சுக்கிறேன்."

"அஞ்சு நிமிஷந்தான் அத்தை. நானே..."

"வூட்டுல சும்மாதானே உக்காந்திருக்கேன். கொடுன்னா."

கல்யாண வீட்டுக்காரி சும்மா உட்கார்ந்திருப்பாளா என்று யோசிக்கச் சிந்தாமணிக்கு அப்போது தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரம் கிடைத்தது என்று மட்டுமே நினைத்தாள். கொக்கிகளையும் அதே நிற நூலையும் சேர்த்து, ஜாக்கெட்டைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தாள்.

"சசி நல்லா இருக்கணும்" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் பிசகியது. இருமிச் சமாளித்தாள்.

வீரம்மாள் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திரும்பி, படியிறங்கி நடந்தாள்.

ஏமாற்றி அனுப்பிவிட்டோமே என்று இருந்தது சிந்தாமணிக்கு. வாசலில் நின்று அவள் போவதையே பார்த்தாள்.

அப்போதுதான் உறைத்தது.

வீரம்மாள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள்.

சிந்தாமணி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே" என்று தெருவே கேட்கும்படி கத்தி அழுதாள்.

தெருமுனையில் வீரம்மாள் ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை. பொட்டலத்தை மாரோடு அணைத்துக்கொண்டு, தன் கல்யாண வீட்டுக்கு நடந்தாள்.