வியாழக்கிழமை கேரியர்

"எவன்கூட?" என்றார் வெள்ளைச்சாமி.

மருமகள் சரிதா வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ, கையில் டிபன் கேரியர். மகன் வேலைக்குப் போன பிறகு அவள் இப்படிக் கிளம்புவது இது ஆறாவது வியாழக்கிழமை.

"காதுல விழலையா? ரெண்டு பேருக்குச் சோத்தக் கட்டிக்கிட்டு எவனப் பாக்கப் போற?"

"பத்து மணி பஸ் போயிடும் மாமா. வந்து பேசிக்கலாம்."

"வந்து பேச என்ன இருக்கு? அதான் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பேசுதே!"

அவள் மழையில் இறங்கிவிட்டாள்.

வெள்ளைச்சாமி முப்பத்தாறு வருஷம் மைன்ஸில் உழைத்தவர். ஒரு மெமோ வாங்கியதில்லை, ஒருவர் முன்னால் தலை குனிந்ததில்லை. மகன் ஜெயகணேஷும் அதே மைன்ஸில் பெர்மனென்ட். ஒரு வாரமாக அடைமழை, சுரங்கத்துக்குள் கணுக்கால் புதையும் சேறு. அப்படியும் நேற்று ஷிப்ட் முடிந்து வந்து அவன் கழற்றிப் போட்ட ஷூவில் பொட்டு மண் இல்லை. பிள்ளையின் ஒழுங்கைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்பேர்ப்பட்டவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி!

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியவர், அதே பஸ்ஸின் பின்படியில் தொற்றி ஏறினார்.

சரிதா ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினாள். அவரும் இறங்கிப் பின்னாலேயே போனார். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மழைக்கோட்டின் தொப்பி அவன் தலையை மூடியிருந்தது. அவள் ஒட்டி உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள். அவன் அவள் தோளில் சாய்ந்து குலுங்கி அழுதான்.

"அடியே!"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் திரும்பவில்லை. சரிதா எழுந்து குறுக்கே நின்றாள்.

"மாமா, கத்தாதீங்க. ஒங்க கால்ல விழறேன்."

"கள்ளப் புருஷனுக்குக் காவலா?"

"என்னைய என்ன வேணா சொல்லுங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. செத்துடறேன், செத்துடறேன்னு சொல்லிட்டிருந்த மனுசன். இங்க வந்து பேசி, மாத்திர போட்டு, தெனம் ரெண்டு மைல் நடந்து, இப்பதான் ரெண்டு வாய் சோறு எறங்குது. கெடுத்துடாதீங்க மாமா."

கதவுக்கு மேலிருந்த பலகையை வெள்ளைச்சாமி அப்போதுதான் படித்தார். மனநலப் பிரிவு.

"ஓகோ! போயும் போயும் ஒரு பைத்தியக்காரன்தான் கெடச்சானா?"

"பைத்தியம் இல்ல மாமா. மனச்சோர்வு. வைத்தியம் பாத்தா கொணமாயிடும்."

"மானமுள்ள குடும்பத்துல பொறந்தவனுக்கு இந்தச் சீக்கெல்லாம் வராதுடி!" அவளைத் தள்ளிவிட்டு, அந்த முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். "ஆம்பளையாப் பொறந்துட்டு அடுத்தவன் பொண்டாட்டி தோள்ல சாஞ்சா அழுவுற? டேய், ஒன்னப் பெத்த மானங்கெட்டவன் எவன்டா?"

தொப்பி மெல்லச் சரிந்தது. அவன் திரும்பினான்.

"நீங்கதாம்ப்பா."