தெருமுனைக் கடல்

ஊரைக் கடல் கொள்ளப்போகிறது என்று தெரிந்ததும், பேரூராட்சித் தலைவர் ஹிலாரியா மச்சாது அதை அப்படியே பெயர்த்து எட்டு மைல் உள்ளே கொண்டுவந்து வைத்தார். மாதா கோயில், கொடிமரம், மீன் ஏலக்கூடம் எல்லாம் பழைய வரிசையிலேயே நின்றன. கொண்டுவர முடியாத கடலுக்குப் பதிலாக, கிழக்குத் தெருமுனையில் ஒலிபெருக்கிகள் பகல் முழுக்க அலையோசை எழுப்பின. ஓசை பெருகும்போதெல்லாம் பெண்கள் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பிறகு தங்களையே திட்டிக்கொண்டார்கள்.

ஊர்க்கூட்டத்தில் சலோமி எழுந்தாள்.

"தலைவரம்மா, எங்க வீட்டுக்காரர முழுங்குன கடலு அது. இவ்வளவு தூரம் தள்ளி வந்தும் வாசல்ல நின்னு கத்துது. அத நிப்பாட்டுங்க."

"கடல் இல்லாம இது என்ன ஊரு?"

"ஏன், நாங்க இருக்கோம்லா?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. கடைசியில் ஹிலாரியாவும் கையைத் தூக்கினார்.

மறுநாள் காலை ஒலிபெருக்கிகளைக் கழற்றினார்கள். பதிவை மட்டும் அவர் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். கதவைச் சாத்திவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். பழைய கரையில் நின்று அதைப் பதிவுசெய்தவர் அவருடைய கணவர் லூர்து. அதற்கு மறுநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஊரே தினமும் கேட்டுச் சலித்த அந்த அலைகளுக்கு நடுவே, யாரும் கவனித்திராத குரல் ஒன்று வந்தது.

"ஹிலாரியா, செத்த பேசாம நில்லு. கடல் பதிவாகுது."

அவர் பேசாமல் நின்றார்.