மூடிய வால்வில் ஒரு சத்தம்

"நல்லாக் கேட்டுப் பாருங்க சார். எங்க அண்ணன் தண்ணி திருடறான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், மத்ததை நான் ஸ்டேஷன்ல பார்த்துக்கறேன்!"

சின்னவர் சொல்லி முடிப்பதற்குள் குழாய் டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வால்வுக் குழிக்குள் குனிந்துவிட்டார். குழாயின் மேல் ஒரு கருவியை ஒட்டவைத்து, உள்ளே ஓடும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவர். அதனால் ஊர் வைத்த பெயர் அது.

அண்ணன் தம்பிக்கு அடுத்தடுத்த வீடு. அப்பா இருந்தவரை இரண்டு போர் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்து இரண்டு தொட்டிகளுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சு நின்றதும், நடுச்சுவருக்கு அடியில் இருந்த வால்வைச் சின்னவர்தான் இறுக்கி மூடினார். தலைமுழுகியாயிற்று என்று நினைத்தார். ஆனால் அண்ணன் மோட்டார் போடும்போதெல்லாம், மூடிய வால்வு 'உஸ்'ஸென்று இரைந்தது.

"மோட்டார் போட்டு உறிஞ்சறான் சார்! நான் மூட மூட, திரும்பத் திரும்பத் திறந்திருக்கு. இந்தக் குழிக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்தும் கை விடலாம்."

"எனக்கு ஒண்ணுதாங்க புரியலை," என்றாள் மனைவி. "திருட்டுப் போகுதுன்னா நம்ம டேங்க் காலியாகணுமே? அது எப்பவும் வழிஞ்சுக்கிட்டில்ல இருக்கு?"

சின்னவருக்கும் அதுதான் மண்டையைக் குடைந்தது. வெளியே காட்டிக்கொள்வாரா?

"நம்ம போர் அப்படிப்பட்ட போர்டி! அதான் அவனுக்கு வயித்தெரிச்சல்."

பக்கத்து வீட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. டாக்டர் சுவருக்கு அந்தப் பக்கக் குழாயில் கேட்டார், இந்தப் பக்கக் குழாயில் கேட்டார், மறுபடி அங்கே போனார். பிறகு சின்னவரின் மோட்டாரையும் போடச் சொல்லி, போர் குழாயில் கருவியை வைத்தார். அவர் புருவம் சுருங்கியது.

"சார், வால்வுல பழுது இல்லை. யாரோ கொஞ்சமாத் திறந்து வெச்சிருக்காங்க. தண்ணி ஓடுது."

"நான் சொல்லலையா!" என்று துள்ளினார் சின்னவர். ஆனால் ஜெயித்தும் சந்தோஷம் வரவில்லை. "கூடப்பிறந்தவன் சார். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே திறந்து விட்டிருக்க மாட்டேனா?"

டாக்டர் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினார்.

"இது உங்க அண்ணன் பக்கம். இப்போ இது உங்க பக்கம். எங்கே சத்தம் ஜாஸ்தி?"

"என் பக்கம்தான். என் தண்ணிதானே போகுது!"

"வால்வு இடுக்கு வழியாத் தண்ணி உள்ளே போற பக்கம் அவ்வளவா சத்தம் இருக்காது சார். வெளியே வந்து விழற பக்கம்தான் இரையும்."

சின்னவர் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் முழித்தார். மனைவி மெல்லச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க போர் வத்திப்போயிடுச்சு சார், குழாயில வெறும் காத்துதான் ஓடுது," என்றார் டாக்டர். "இத்தனை நாளா உங்க டேங்கை நிரப்பிக்கிட்டிருக்கிறது உங்க அண்ணன்தான்."