சாவிச் சத்தம்

சாவியைக் கிரில் கதவின் கம்பிகளில் வைத்து இழுத்தாள்.

கிர்ர்ர்.

உள்ளே, தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஆதிரை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். நான்கு வயது. அழவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவியை இழுத்தவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். மண்டியிட்டுக் கடலைமிட்டாயை நீட்டினாள்.

"அம்மாதான் பாப்பா."

பிறகு நோட்டில் எழுதினாள். முதல் நாள். வெளியே வர ஆன நேரம், ஏழு நிமிடம். யோசித்து, ஏழு என்பதை அடித்துவிட்டு எட்டு என்று போட்டாள். சரியாகப் பார்த்தேனா?

கணவன் வீடு திரும்பும்போது இப்படித்தான் சாவியை இழுத்துக்கொண்டு வருவான். கம்பி கம்பியாக. அவசரமில்லாமல்.

அதற்குப் பிறகு பெல்ட்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம். அவனுக்கு முகவரி தெரியாது. ஆனாலும் பக்கத்து வீட்டில் யாராவது சாவியை எடுத்தால்கூட ஆதிரை கட்டிலுக்கு அடியில்தான்.

அவள் படிக்கும் மாலை வகுப்பில் உளவியல் ஆசிரியை சொன்னார், பயத்தைக் கற்றுக்கொண்டது போலவே அதை மறக்கவும் கற்றுக்கொள்ளலாம் என்று. சத்தம் வர வேண்டும். அதன் பின்னால் அடி வரக் கூடாது. பிடித்தது ஏதாவது வர வேண்டும்.

அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

முதல் நாள் கம்பியில் சாவியை வைக்க முடியாமல் அவளே இரண்டு முறை படியிறங்கிப் போய்த் திரும்பி வந்தாள். அதை எழுதவில்லை. அதற்கு நோட்டில் கட்டம் போடவில்லை.

மூன்றாம் நாள், ஐந்து நிமிடம்.

ஆறாம் நாள், தலை மட்டும் உடனே வெளியே வந்தது.

கீழ் வீட்டு மரகதம் அக்கா துணி காயப்போட மாடி ஏறும்போது நின்று பார்த்தாள். "ஏம்மா, கதவுக்கு அரிக்குதா? தெனம் சொறிஞ்சு விடுற."

ஒன்பதாம் நாள் ஆதிரை வரைவதை நிறுத்தவில்லை. மிட்டாய்க்குக் கையை மட்டும் நீட்டினாள்.

பதினோராம் நாள் சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டே கொண்டியைத் தானே நீக்கினாள்.

பயம்: இல்லை.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் ஆகுமா? எங்கேயோ தவறவிட்டிருக்கிறேனா?

பன்னிரண்டாம் நாள். மாலை ஐந்தரை. வகுப்புக்குக் கிளம்புவதற்குள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முடித்துவிட்டு வெளியே போய்ச் சாவியை இழுக்க வேண்டும்.

கிர்ர்ர்.

கம்பி கம்பியாக. அவசரமில்லாமல்.

அவள் சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கால் நகரவில்லை. குழந்தையைக் கூப்பிட நினைத்தாள். மாவு ஒட்டிய இரண்டு கைகளும் வாயைப் பொத்தியிருந்தன.

கூடத்தில் கலர் பென்சில்கள் உருண்டன. சின்னக் கால்கள் வாசலுக்கு ஓடின.

"அம்மா, இன்னிக்கு ரெண்டு வேணும்."

கொண்டி நீங்கும் சத்தம் கேட்டது.